கையைத் தூக்காதீர்கள்

பொம்மைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார் தொட்டிக்காரர். நேற்று பச்சை, இன்று மஞ்சள். பொம்மையின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஈரத்தில் வழுக்கும் ரப்பர் கைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் நுழைக்கிறார். சின்னப் பிள்ளையின் உயரம் இருக்கும் அது. வயிறு நிறைய மணல். "அடம் பிடிக்காம கையை நீட்டு பாப்போம்" என்று அதை அதட்டவும் செய்கிறார். சட்டை ஏறியதும் பொம்மையைத் துண்டில் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அப்பாவி போலப் பம்ப் அறையிலிருந்து வெளியே வருவார். குளத்தோரமாக நடப்பார். யாரிடமோ மணி கேட்பார். துண்டு எப்போது அவிழ்ந்தது என்று, பார்த்துக்கொண்டே இருந்த எனக்கும் தெரியாது. பொம்மை தண்ணீருக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும்.

உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லைஃப்கார்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் விசில் ஊத வேண்டும், குதிக்க வேண்டும், பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் கிடத்தி நெஞ்சை அமுக்க வேண்டும். குளத்தில் இருக்கும் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். முனகிக்கொண்டேதான் ஏறுகிறோம். அவர் காதில் அதெல்லாம் விழுவதில்லை. "பொம்மையோ பிள்ளையோ, முதல்ல குதி. குதிச்சப்புறம் யோசி" என்று நனைந்து நிற்கும் லைஃப்கார்டிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு அவர் பழக்கமானது முட்டி வலி தயவில். தண்ணீருக்குள் நடந்தால் முட்டிக்கு நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலுக்குப் போக வழியில்லை; எங்கள் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து நடத்தும் உள்ளரங்க வாட்டர் பார்க்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் என்னைப் போன்ற முட்டிகள் ஏழெட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் எருமைகள் மாதிரி இப்படியும் அப்படியும் நடப்போம். முதல் நாள் சீக்கிரம் போய்விட்டேன். லைஃப்கார்டு இன்னும் வரவில்லை. சரி, நடக்கத்தானே போகிறோம் என்று இறங்கிவிட்டேன். எங்கிருந்தோ தொட்டிக்காரர் ஓடி வந்தார்.

"சார், ஏறுங்க."

"இடுப்பளவுதானே இருக்கு? நான் என்ன முழுகியா போயிடுவேன்?"

"தண்ணியில ஒரு ஆள் இருந்தாலும் நாற்காலி காலியா இருக்கக் கூடாது சார். ஏறுங்க, வெளிய போய் நில்லுங்க."

என் வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கோபம் கோபமாக வந்தது. சொட்டச் சொட்ட நின்றேன். லைஃப்கார்டு வந்து நாற்காலியில் ஏறிய பிறகுதான் "இப்ப எவ்வளவு நேரம் வேணா நடங்க" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

ஒல்லியான மனிதர். முழங்காலுக்கு மேல் மடித்துவிட்ட கால்சட்டை, ரப்பர் செருப்பு, எந்நேரமும் ஊறிச் சுருங்கிய விரல் நுனிகள். முன்பு ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் பெரிய தொட்டியில் பம்ப் ஓட்டியவர். கோடையில் குடியிருப்புப் பிள்ளைகள் அந்தத் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிப் போய்க் குதித்துக் குளிப்பார்களாம். இவர் தடியை எடுத்துக்கொண்டு விரட்டுவாராம். "ஒருநாள் தோணுச்சு சார். எத்தனை நாளைக்கு விரட்டுறது? ஒருத்தன் வழுக்கி விழுந்து செத்த பிறகு அழுது என்ன பிரயோஜனம்? அவங்களுக்குன்னே ஒரு தொட்டி கட்டிக் குடுத்துட்டா என்ன?" அதிலிருந்து ஆரம்பித்தது எல்லாம். தொட்டிக்காரர் என்ற பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

மூடிக்கிடந்த மீன் கிடங்கு ஒன்றைக் குடியிருப்புக் கமிட்டி வாங்கியது. குளிர் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய தடித்த சுவர்கள். மழை நாளில் இன்றைக்கும் அந்தச் சுவரில் மீன் வாசனை எழும். "கிடங்குக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு" என்பார். கமிட்டிச் செயலாளருக்கு எங்கள் பக்கத்தில் 'தீர்மானம்' என்று பெயர். தும்மல் வந்தாலும் அதற்கொரு தீர்மானம் போட்டுவிட்டுத்தான் தும்முகிற ஆள். குளத்தின் தரையில் நீல ஓடு பதித்து டால்பின் படம் வரையலாம் என்று அவர் தீர்மானம் போட்டார். தொட்டிக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டார்.

"அடியில மீனும் வேணாம், பூவும் வேணாம். வெள்ளையா வெறுமையா இருக்கணும். அடியில ஏதாவது தெரிஞ்சா அது ஆளாத்தான் இருக்கணும்."

தரை வெள்ளையாயிற்று. எங்கோ மூடிய வாட்டர் பார்க் ஒன்றிலிருந்து சறுக்கு பழைய சாமான் விலைக்கு வந்தது, லாரியில், துண்டு துண்டாக. பூட்டிப் பார்த்தால் ஒரு துண்டைக் காணோம். இருப்பதை வைத்து வளைத்துச் சேர்த்தார்கள். கடைசி வளைவில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டும். அதற்கு 'இடுப்பொடிச்சான்' என்று பெயர். சின்னக் குளத்துக்கு மேலே உத்தரத்தில் ஒரு ராட்சத வாளி தொங்குகிறது. சொட்டுச் சொட்டாக நிறைந்து, எதிர்பாராத நேரத்தில் கவிழ்ந்து, கீழே இருப்பவர்கள் தலையில் மொத்தமாகக் கொட்டுமாம். அதை 'மாமியார்' என்றார்கள். வாளி சாயப்போகும்போது ஒரு மணி அடிக்குமாம். மணிச் சத்தம் கேட்டால் மொத்தக் குளமும் அதன் அடிக்கு ஓடுமாம். கொட்டிய பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர் முழுவதும் வெள்ளை நுரையாகவே இருக்குமாம்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் வீட்டுக்காரி அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கும். வந்ததும் மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பார். குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் முகம் சுளிப்பார். வடிகட்டியின் மூடியைத் திறந்து முடிக்கற்றையை வழித்துப் போடுவார். "ஊர்த் தலைமுடி பூரா என் கையிலதான் சார்." ஒருமுறை பல் செட் ஒன்று சிக்கியதாம். பம்ப் அறை ஜன்னலில் ஒரு டம்ளரில் போட்டு வைத்திருக்கிறார். "இது உங்க பல்லான்னு யார்கிட்ட போய்க் கேக்கறது? கேட்டா உதைக்க வருவாங்க." சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவர் முகத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான்.

சுவரில், மற்ற குளங்களில் இருக்கும் எச்சரிக்கைகளோடு ஒன்று கூடுதலாக இருக்கிறது: 'கையைத் தூக்காதீர்கள்.' எதற்கு என்று புரியாமல் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பம்ப் இரைச்சலில் குரல் எடுபடாதே என்று, எதிர்க்கரையில் நின்றவருக்குக் கையைத் தூக்கி ஆட்டி ஒரு வணக்கம் வைத்தேன். மனிதர் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் காலுக்கு அடியில் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "கையைக் கீழ போடுங்க சார்! கீழ போடுங்க!" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயமாக இருந்தது. ஈரத் துண்டோடு டிக்கெட் கொடுக்கும் அம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். அவர்தான் சொன்னார்.

சின்னக் குளத்து நாற்காலி தொட்டிக்காரரின் தங்கை மகளுடையதாக இருந்தது. நீச்சலும் விசிலும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தப்பிப் பொம்மை ஒருநாளும் கிடந்ததில்லை. கூட வேலை பார்த்தவர்கள் 'கழுகு' என்றார்கள். அப்போதெல்லாம் பொம்மையை நினைத்த நேரத்தில் போடுவார். விசில், குதி, எல்லோரும் வெளியே. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வந்தவர்களுக்குக் கடுப்பாகிவிட்டது. வந்ததே குளிக்கத்தான், கரையில் நிற்கவா என்று கமிட்டியில் போய்க் கத்தினார்கள். தீர்மானம் உடனே ஒரு தீர்மானம் போட்டார். கூட்டமான நேரத்தில் பொம்மைக்காக விசில் ஊத வேண்டாம், குதிக்க வேண்டாம். கண்டவர் ஒரு கையைத் தூக்கினால் போதும். பொம்மையைப் போட்டவர் பார்த்துக் குறித்துக்கொள்வார். பொம்மையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

தொட்டிக்காரர் தலையாட்டிவிட்டார். டால்பினுக்குச் சண்டை போட்ட மனிதர் இதற்குச் சண்டை போடவில்லை.

"அன்னிக்கு லீவு நாள். உள்ள கால் வைக்க இடமில்ல" என்றார் டிக்கெட் அம்மாள். "மாமியார் கொட்டி முடிஞ்சு நுரை அடங்குது. அடியில செகப்பா ஒண்ணு கிடக்கு. அப்பல்லாம் தினம் சட்டை மாத்தமாட்டாரு, அந்த வாரம் பொம்மைக்கும் செகப்புச் சட்டைதான். நான் ஒரு ரசீது கட்டு எடுக்க உள்ள வந்தேன், என் கண்ணால பாத்தேன் சார். அந்தப் பொண்ணு டக்குனு கையைத் தூக்குது. தூக்கிட்டு மாமாவைப் பாத்துச் சிரிக்குது. எப்பவும் அவதானே முதல்ல, அந்தப் பெருமை."

தொட்டிக்காரர் எதிர்க்கரையில் நின்று குழாய் ரிப்பேர்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பொம்மை பம்ப் அறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் அதைத் தண்ணீரில் போடவே இல்லை.

"இவரு திரும்பிப் பாக்கறாரு. அந்தக் கையைப் பாக்கறாரு. அப்பறம் ஓடறாரு பாருங்க, அப்படி ஒரு ஓட்டம். ஏன் இந்த மனுஷன் இப்படி ஓடறாருன்னு நாங்க வேடிக்கை பாக்கறோம். அவளும் பாக்கறா. கையை இன்னும் இறக்கல சார் அவ. இவரு குதிச்சு அந்தப் பையனைத் தூக்கிட்டு மேல வர்ற வரைக்கும் அந்தக் கை மேலதான் இருந்துச்சு."

அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வயரிங் வேலை செய்பவரின் மகன். ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. முட்டி வலியாவது ஒன்றாவது என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

விசாரணை நடந்தது. லைஃப்கார்டின் கவனக்குறைவு என்று ஒரு தீர்மானம். தொட்டிக்காரர் எழுந்தாராம். "கையைத் தூக்கினா போதும்னு அவளுக்குச் சொன்னது யாரு? தீர்மானம் போட்டது நீங்க, தலையை ஆட்டினது நான். அவ சொன்னதைச் செஞ்சா. அவமேல எழுதாதீங்க." எழுதியது எழுதியதுதான். பெண்ணின் வேலை போயிற்று. இவரையும் அனுப்பியிருப்பார்கள், ஆனால் அந்தப் பம்பும் வடிகட்டியும் வேறு யார் தொட்டாலும் மக்கர் பண்ணின. அந்த ஒரு காரணத்தால் வைத்துக்கொண்டார்கள்.

செத்த பிள்ளையின் அப்பா ஒருமுறை வந்தாராம். அழவில்லை, அடிக்கவில்லை. "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டார். தொட்டிக்காரர் தண்ணீருக்குள் இறங்கிப் போய், வாளிக்குக் கீழே நின்று காட்டினார். அவர் கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். "அவரு என்னை ரெண்டு சாத்து சாத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்று இவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். வடிகட்டி மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கை இவர் வீட்டுக்கு நேர் மேல்மாடியில்தான் இருக்கிறாள். தினமும் மத்தியானம் அங்கிருந்து சாப்பாடு வரும். அது நின்றுபோயிற்று. படிக்கட்டில் இவரைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிப்போகிறாள். "என் பொண்ணு ராத்திரி தூக்கத்துல கையைத் தூக்கறா. உங்க வித்தையை நீங்களே வெச்சுக்குங்க" என்று வாசலில் நின்று சொன்னாளாம். அந்தப் பெண் இப்போது ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். மாமன் கடைவாசலில் போய் நின்றபோது பெட்டியைக் கீழே வைக்காமல் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவர் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். ரொட்டியும் வாழைப்பழமும் நின்றபடியே தின்கிறார், பம்ப் அறையில்.

சின்னக் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அதில் யாரும் இறங்கியதில்லை. ஆனால் தினமும் அதன் சுவரைத் தேய்க்கிறார், தண்ணீரைச் சுத்தம் செய்கிறார், நாற்காலியைத் துடைக்கிறார். வேறு லைஃப்கார்டு யாரையும் அதில் ஏற விடுவதில்லை. மாமியாரைக் கட்டிப் போட்டிருக்கிறார். பாதி இடத்தைப் பூட்டி வைத்தால் பார்க் எப்படி ஓடும் என்று கமிட்டி கேட்டது. நியாயமான கேள்விதான். "அவ வந்து அந்த நாற்காலியில ஒரு தடவை உக்காரட்டும். அன்னிக்கே திறந்து விட்டுட்டு நான் போயிடறேன்" என்றார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "அவ கண்ணு பழுது இல்ல சார். அது அவளுக்குத் தெரியணும். நான் வாயால சொன்னா நம்புவாளா?" என்றார். கமிட்டிக்கு அதெல்லாம் எடுபடுமா? மாதம் முடிந்ததும் வெளியூர் ஆட்களிடம் நடத்தக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டாகிவிட்டது. புது ஆட்கள் நாற்காலியையே எடுத்துவிட்டு, மேலே கேமரா மாட்டப்போகிறார்களாம்.

போன வாரம் ஒருநாள் வழக்கம்போல் சீக்கிரம் போய்விட்டேன். லைஃப்கார்டுகள் யாரும் வரவில்லை. திட்டு வாங்கிய அனுபவம் இருப்பதால் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தொட்டிக்காரர் சின்னக் குளத்தின் ஓரத்தில் குனிந்து, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பம்ப் இரைந்துகொண்டிருந்தது. பக்கவாசல் வழியாக ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. சிவப்புப் பனியன் ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்த்தது, விசிலின் கயிறு வெளியே தொங்கியது. இவள்தான் என்று புரிந்துவிட்டது. வேலையை விட்டவர்கள், பார்க்கில் கொடுத்த பனியனையும் விசிலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்ததை டிக்கெட் அம்மாள் சொல்லியிருந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, "மாமா" என்றாள். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கேட்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்று, எல்லோரும் செய்கிற மாதிரிதான், கையைத் தூக்கினாள்.

அவர் நிமிர்ந்தார். அந்தக் கையைப் பார்த்தார். நான் பெஞ்சிலிருந்து எழுவதற்குள் சட்டையோடு, செருப்போடு தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டார்.

வாளிக்குக் கீழே போய் மூழ்கினார். வெள்ளைத் தரையில் இரண்டு கைகளாலும் துழாவுவது மேலிருந்தே தெரிந்தது. ஒன்றுமில்லாத தரை. மேலே வந்தார், இருமினார், காலிக் கைகளை அவளுக்கு விரித்துக் காட்டினார்.

"மாமா, சும்மா... சும்மா உங்களைக் கூப்பிட்டேன் மாமா. அங்க யாரும் இல்ல. மேல வாங்க" என்றாள்.

"இல்ல?"

"இல்ல மாமா."

தலையாட்டினார். ஆட்டிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் மூழ்கினார்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தாள். நான் இருப்பதே அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. பையைக் கீழே வைத்தாள். செருப்பை உதறினாள். கயிற்றைத் தாண்டி ஏணியைப் பிடித்து ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். விசிலை மட்டும் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்தியபடி, அவர் மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.